கடைசி ரீலில் பிழைத்தவள்

எங்கள் பழைய கம்பெனி ஆட்களுக்கென்று கைபேசியில் ஒரு குரூப் இருக்கிறது. காலை வணக்கம், கருஞ்சீரகத்தின் நன்மைகள், யாராவது காலமானால் கைகூப்பும் படம் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். போன வாரம் அதில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. 'இந்த வருடம் வெளிவந்த படங்களில் முப்பது வருடம் கழித்தும் பேசப்படப் போகும் படம் எது?' யாரோ எங்கிருந்தோ எடுத்து அனுப்பியதுதான். ஆனால் அதுவரை கைகூப்பும் படத்துக்கு மேல் எதுவும் போட்டறியாத பெரிய மனிதர்களெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

நான் அப்போது வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். இந்த வருடம் தியேட்டரில் என்ன படம் பார்த்தேன் என்று யோசித்தேன். பொங்கலுக்கு ஒன்று பார்த்தேன். ஏசி குளிர் தாங்காமல் என் மனைவியின் சேலைத் தலைப்பைக் கடன் வாங்கிப் போர்த்திக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. கதாநாயகன் நிறையப் பேரைச் சுட்டான். ஏன் சுட்டான் என்பது நினைவில்லை. சுடப்பட்டவர்களுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் டியூபில் ஒட்டுப் போட்டுச் சூடு வைத்தார். வெந்த ரப்பர் வாசனை கிளம்பியது. உங்களுக்கு அது நாற்றம். எனக்கு அது இருபத்து மூன்று வயது.

கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனி. பஸ் ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் பட்டை இருக்கும் பாருங்கள், அதைச் செய்கிற இடம். நான் அங்கே ஸ்டோர் கிளார்க். மிஷின் பக்கமே போகாதவன் என்றாலும் வாசனை ஆள் பார்த்து ஒட்டுவதில்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. திருமங்கலம் பஸ்ஸில் எங்கள் கூட்டம் ஏறினால் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் பெண் பார்க்கப் போன வீட்டில், பின்னால் என் மாமனார் ஆனவர், பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எங்கயோ டயர் எரியிது" என்று வாசலுக்கு எழுந்து போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். அப்படியும் பெண் கொடுத்தார் என்றால் அவர் மனசு பெரிது, மூக்கு சுமார்.

அந்தக் கம்பெனியில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வருடத்தின் கடைசி வேலைநாளன்று, மதிய டீக்கு, கேட்டுக்கு எதிரே இருந்த கடையில் கூடுவோம். அந்த வருடப் படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்து வைத்து, எது நிற்கும், எது நிற்காது என்று தீர்ப்புச் சொல்வோம். தீர்ப்புச் சொல்வோம் என்றால் தவமணி அண்ணன் சொல்வார். நாங்கள் வடை தின்போம்.

தவமணி அண்ணன் ஃபிட்டர். எங்களைவிட ஒரு பத்து வயது மூத்தவர். எந்த மிஷின் மக்கர் செய்தாலும் முதலில் அதைச் சுற்றி வந்து, "இதுக்கு மனசு சரியில்லப்பா" என்பார். சினிமாவையும் அதே மாதிரிதான் சுற்றி வருவார். படம் எத்தனை நாள் ஓடியது என்ற கணக்கையெல்லாம் மதிக்க மாட்டார். "காதுகுத்து வீட்டுல மைக் செட்டுக்காரன் அடுத்த வருசமும் அந்தப் பாட்டப் போடுறானா, அதச் சொல்லு. டவுன் பஸ்ஸு கண்டக்டர் சில்லறை இல்லாதவனத் திட்டுறப்ப அந்தப் படத்து வசனத்தப் பேசுறானா, அதச் சொல்லு. மத்ததெல்லாம் போஸ்டர் ஒட்டுறவனுக்கும் மாட்டுக்கும் உள்ள விவகாரம்" என்பார். சுவரில் ஒட்டிய போஸ்டரை மாடு தின்பதைத்தான் அப்படிச் சொல்வார்.

செல்வம் மட்டும் அவருடன் ஒத்துப்போக மாட்டான். செல்வம் பிரஸ் மிஷின் ஓட்டியவன், என் உயிர் நண்பன். உசிலம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் ஊர். அப்பாவும் சித்தப்பாக்களும் ஊரான் காட்டில் கூலிக்கு உழுதவர்கள். இவன்தான் அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகச் சட்டைப் பையில் அடையாள அட்டை குத்திக்கொண்டு பஸ் ஏறினவன். அவனுடைய கணக்கு வேறு.

"பாட்டு பழசாயிரும்ணே. படத்துல வர்ற பேர ஒருத்தன் பெத்த பிள்ளைக்கு வச்சான்னு வைங்க, அந்தப் பிள்ளை இருக்குற வரைக்கும் படம் நிக்கும்."

"எவன்டா வைப்பான்?" என்றார் தவமணி அண்ணன்.

"வைப்பான்" என்றான் செல்வம். அவனுக்கே அப்போது தெரியாது.

இந்த மேதைகளுக்கு நடுவில் எனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் சினிமா பாவம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். தெருவில் சினிமா போஸ்டர் வரும்போது, வெயில் எந்தப் பக்கம் அடித்தாலும், குடையைப் போஸ்டர் பக்கமாகச் சாய்த்துக்கொள்வார். தடுக்கி விழுந்தால் ஒரு தியேட்டர் வாசலில் விழுகிற மதுரையில் நான் ஒன்றுக்குள்ளும் போக முடியாது. டிக்கெட் கிழிக்கிறவர், முறுக்கு விற்கிறவர், சைக்கிளுக்கு டோக்கன் போடுகிறவர் எல்லாரும் அப்பாவிடம் பிரம்படி வாங்கிய பழைய மாணவர்கள். அதனால்தான் செல்வத்தோடு பஸ் ஏறி உசிலம்பட்டிக்குப் போய்ப் படம் பார்த்தேன். அவ்வளவு தூரம் தள்ளிப் போனால் கர்த்தர் கண்டுகொள்ள மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

ஒருநாள் இடைவேளை விளக்கு எரிந்தபோது, இரண்டு வரிசைக்கு முன்னால், எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கணீரென்று பாட்டு எடுத்துக் கொடுக்கும் பெரியவர், கையில் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் கூரையில் இருந்த மின்விசிறியை ஆராய ஆரம்பித்தோம். அவர் இறக்கும் வரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கோயிலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு தனி வாஞ்சையோடு கைகுலுக்குவார்.

அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய படம் என்றால் தனியாக ஒரு ரீல் பெட்டி வரும். சுமாரான படம் என்றால் ஒரே பெட்டியை அதுவும் பக்கத்து ஊர்க் கொட்டகையும் பங்கு போட்டுக்கொள்ளும். அங்கே கொஞ்சம் முன்னதாகப் படத்தை ஆரம்பித்துவிடுவார்கள். ஓடி முடித்த ரீல்களை ஒரு ஆள் மொபெட்டில் கட்டி இங்கே கொண்டுவருவார். இங்கே இடைவேளை எப்போது என்பது இயக்குநர் கையில் இல்லை, மொபெட் கையில் இருந்தது. வழியில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தால் எங்களுக்கு இன்னொரு முறுக்கு தின்ன நேரம் கிடைக்கும். படம் முடிந்து 'வணக்கம்' போடுவார்களே, அந்த எழுத்தை நான் அங்கே ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ரீலின் வால் தேய்ந்து, அறுந்து, வெட்டி ஒட்டி, வணக்கமெல்லாம் எப்போதோ காற்றோடு போயிருக்கும். விளக்கு எரிந்தால் படம் முடிந்தது, அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்ல வந்த படம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. எடுத்தவரே மறந்திருப்பார்.

அது செல்வத்துக்குக் கெட்ட நேரம். அவன் மனைவி ராசாத்திக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது தங்கி, மாதமும் நெருங்கிவிட்டது. முன்னெச்சரிக்கையாக உசிலம்பட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ராசாத்தி யார் பக்கமும் திரும்ப மாட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஆண்களை வார்டுக்குள் சாயங்காலம்தான் விடுவார்கள். செல்வம் வராந்தாவில் பகலெல்லாம் நடந்தான். நானும் தவமணி அண்ணனும் அரை ஷிப்டோடு கிளம்பி அவனைப் பார்க்கப் போனோம். அவன் மாமியார் எங்களைக் கண்டதும் கும்பிட்டாள்.

"ஏப்பா, இந்த ஆளக் கொஞ்சம் எங்கயாவது கூட்டிட்டுப் போங்கப்பா. நடந்து நடந்து தரையத் தேச்சுப்புட்டாரு. இவரப் பாத்தா எம்மகளுக்கு இன்னும்தான் பயமாருக்கு."

கூட்டிக்கொண்டு போக உசிலம்பட்டியில் எங்களுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். மேட்னிக்குப் போய் உட்கார்ந்தோம்.

கதாநாயகன் லாரி டிரைவர். கோயிலுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவன். கதாநாயகி சாருமதி, பண்ணையார் மகள், பட்டணத்தில் படித்தவள். ஒரு ஆட்டுக்குட்டியால் இருவருக்கும் காதல். இடைவேளை வரைக்கும் தவமணி அண்ணன் தூங்கினார். இடைவேளை விட்டது, விட்டபடியே கிடந்தது. பெட்டி வரவில்லை. விசில் கூரையைப் பிய்த்தது. ஒருவழியாக மொபெட் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக விளக்கை அணைத்தார்கள்.

படம் சடாரென்று ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. சாருமதிக்குப் பிரசவ வலி. லாரி வழியில் நின்றுவிட்டிருக்கிறது. டாக்டர் கையை விரிக்கிறார். சாருமதி செத்துப்போகிறாள். கதாநாயகன் முதன்முதலாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்று மணலில் நடந்து போகிறான். திரை வெளுத்தது.

பக்கத்தில் செல்வம் கடலை மெல்லுவதை எப்போது நிறுத்தினான் என்று தெரியவில்லை. எழுந்துவிட்டான். "நான் போறேன் மாப்ள" என்றான். ஆஸ்பத்திரியில் பெண்டாட்டியைப் போட்டுவிட்டு வந்தவனை இந்தப் படத்துக்கா கூட்டிவந்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். நானும் எழுந்தேன்.

அப்போது திரையில் மறுபடி வெளிச்சம் வந்தது. வளைகாப்பு. சாருமதி மேடிட்ட வயிறோடு மணையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். கை நிறையக் கண்ணாடி வளையல். சந்தனம் பூசுகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். பிறகு கூண்டு வண்டியில் ஏறித் தாய்வீட்டுக்குப் புறப்படுகிறாள். வண்டி தெருமுனையில் திரும்பும்போது தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறாள். பொட்டென்று கொட்டகையின் விளக்கு எரிந்தது.

தவமணி அண்ணன்தான் முதலில் மூச்சு விட்டார்.

"யப்பா... எடுத்திருக்கான்யா!"

"என்னண்ணே?" என்றேன்.

"புரியலையா? பயந்தத முன்னாடி காட்டிட்டான். நடந்ததப் பின்னாடி காட்டுறான். ஆஸ்பத்திரி, ஆத்து மணலு அம்புட்டும் அவன் மனசுக்குள்ள இருக்குற பயம்ப்பா. அவ நல்லாத்தான் இருக்கா. இப்படி ஒரு டெக்னிக்க இதுவரைக்கும் எவனும் பண்ணுனதில்ல."

"அவ நல்லாத்தான இருக்காண்ணே?" என்றான் செல்வம்.

"அதான் வண்டியேறிப் போறாளே. பாத்தீல்ல?"

"நல்லாத்தான் இருக்கா" என்று செல்வம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு வாசலை நோக்கி ஓடினான், மூன்று பேருடைய செருப்பையும் மிதித்துக்கொண்டு. அன்று சாயங்காலம் வார்டில் ராசாத்தி பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்லியிருக்கிறான். "நான் இங்க கெடக்கேன், நீ படத்துக்கா போன?" என்று முதலில் வைதிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரிலிருந்து முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, "அவ பொழச்சுட்டாளா?" என்று கேட்டாளாம். "பொழச்சுட்டா" என்று இவன் சொன்னானாம். அன்றைக்கு அவள் சாப்பிட்டாள் என்று மாமியார் சொன்னாள். அந்த வாரமே பெண் பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். என்ன பெயர் வைத்தான் என்பதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? ஊரே மாரியும் காளியும் பேச்சியுமாக இருந்த தெருவில் ஒரு சாருமதி வந்து சேர்ந்தாள்.

அந்த வருடக் கடைசி டீக்கு விவாதமே நடக்கவில்லை. நிற்கப் போவது அந்தப் படம்தான் என்று தவமணி அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார். பவுன்ராஜ் மட்டும் எழுந்தான். அக்கவுண்ட்ஸில் இருந்தவன், டவுனில் நல்ல தியேட்டரில் பார்த்தவன்.

"அண்ணே, அதுல அந்தப் பொண்ணு செத்துருதே?"

"நீ முழுசா பாத்தியா?"

"முழுசாத்தான்ணே பாத்தேன்."

"பாத்திருந்தா இப்படிப் பேச மாட்ட. பாதியில எந்திருச்சு பஸ்ஸுக்கு ஓடியிருப்ப. முழுசா பாருடா."

நாங்கள் மூன்று பேர், அவன் ஒருவன். எங்களுடைய உறுதியைப் பார்த்து அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி பார்க்கலாம் என்று தேடினான், படத்தை எப்போதோ தூக்கிவிட்டார்கள். அதன்பிறகு அந்தப் படம் எங்குமே இல்லை. கேசட் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் எதையெதையோ போடுகிற டிவிக்காரர்கள்கூட இதைச் சீண்டவில்லை. சாருமதிக்குப் பிறந்தநாள் வந்தால் கேக்கோடு சேர்த்து செல்வம் அந்தக் கதையையும் சொல்வான். "நீ பொழச்சு வந்தவ பேர வச்சிருக்கவ" என்று முடிப்பான். அவள் படித்தாள், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது. கதை மாறவில்லை.

இந்த வருடம் பங்குனியில் ஒரு காலை செல்வம் போன் செய்தான். அப்போது சாருமதிக்கு வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக அப்பா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"மாப்ள, சாருமதி செத்துட்டா மாப்ள."

நான் நாற்காலியைத் தேடவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னடா சொல்ற?" என்று கேட்டதாக ஞாபகம்.

"கடைசியில செத்துர்றா மாப்ள. வளைகாப்பு முன்னாடியே வந்துருது."

நெட்டில் எவனோ அந்தப் படத்தை ஏற்றிவிட்டிருக்கிறான். தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து அது வந்து சேர, செல்வம் மாட்டுக்கொட்டத்தில் உட்கார்ந்து கைபேசியில் தனியாக அதைப் பார்த்திருக்கிறான். விஷயம் விளங்கியதும் அவனை நான் திட்டிய வார்த்தைகளை எங்கள் அப்பா கேட்டிருந்தால் குடையைக் காதுக்குச் சாய்த்திருப்பார். திட்டி முடித்து மூச்சு வந்த பிறகுதான் முழுதும் உறைத்தது. அன்றைக்கு மொபெட்டில் வந்த ரீல்களில் கைக்கு அகப்பட்டதை ஆபரேட்டர் முதலில் மாட்டியிருக்கிறார். பின்னால் வர வேண்டியது முன்னால் வந்துவிட்டது. முப்பது வருடம் நாங்கள் கொண்டாடிய டெக்னிக் அதுதான்.

"சரி, அதுக்கென்ன இப்ப? அது சினிமாடா" என்றேன்.

"படம் கெடச்சிருச்சுன்னு பாக்குறதுக்கு முன்னாடியே சொல்லித் தொலச்சுட்டேன். ராசாத்தி ஞாயித்துக்கெழம பாக்கணும்ங்கிறா மாப்ள. இம்புட்டு வருசமா கதைதான் கேட்டோம், படத்தப் பாத்துருவோம்ங்கிறா. பிள்ளையும் டிவியில போட்டுக் காட்டுறேன்னுட்டா."

"வரலன்னு சொல்லிரு."

"அவ கம்ப்யூட்டர் படிச்சவ. வரலன்னா வரவச்சிருவா." குரலைத் தாழ்த்தினான். "டாக்டரம்மா எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்றாக. ஆனா ராசாத்தி இப்ப ராவும் பகலும் பிள்ளை மூஞ்சியவே பாத்துட்டு இருக்கா மாப்ள. அன்னிக்கு அவ பொழச்சான்னு சொன்ன வார்த்தையிலதான் இவ எந்திருச்சு உக்காந்தா. இன்னிக்கு அவ செத்துட்டாள்னு நான் எப்படிக் காட்டுறது?"

எனக்குக் கோபம் போய்விட்டது. அவன் சொல்வதில் நியாயம் இல்லை என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை நான் கூட அழைத்துக்கொண்டு போகவில்லை.

தவமணி அண்ணனுக்குச் சொன்னேன். மனிதருக்கு இப்போது முழங்கால் இரண்டும் மக்கர், மனசுக்கும் சேர்த்து அடி விழுந்துவிட்டதே என்று பயந்தேன். அவரோ, "அப்ப அந்த டைரக்டருக்கு ஒண்ணுமே தெரியலப்பா. ரீல மாத்தி மாட்டுன ஆபரேட்டர்தான்யா கலைஞன்" என்றார். அவரே வழியும் சொன்னார். "அவன் மாத்துனத நாம மாத்த முடியாதா?"

மதுரையில் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கும் பர்வீன் என்ற பெண்ணை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் என் வழுக்கையை அழகாக மறைத்தவள். மூன்று கிழவர்கள் அவள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தோம். இது பின்னால், அது முன்னால், நடுவில் ஒரு நொடி வெள்ளை என்று தவமணி அண்ணன் சொல்லச் சொல்ல அவள் வெட்டினாள். பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

"யா அல்லா! அண்ணே, செத்தவங்களுக்கு எப்படிண்ணே வளைகாப்பு நடத்துறது?"

"அதாம்மா டெக்னிக்கு" என்றார் தவமணி அண்ணன்.

செல்வம் அவளிடம் விஷயத்தைச் சொன்னான். தட்டுத்தடுமாறித்தான் சொன்னான். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மவுசைப் பிடித்தாள். அன்றைக்கு முடித்துத் தர வேண்டிய ஒரு நிச்சயதார்த்தத்தை நாளைக்குத் தள்ளிவிட்டாள். பூ விழ விடவா, ஹார்ட் பறக்க விடவா என்று மட்டும் பழக்கதோஷத்தில் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் செல்வம் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. வேறொரு நாளாக இருந்தால் அதைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருப்பேன். அன்று ருசி தெரியவில்லை. பென்டிரைவை டிவியில் குத்தினான் செல்வம். "நெட்டுல நின்னு நின்னு வருது, அதான் மாமா எறக்கிக் கொண்டாந்துட்டாக" என்று என்னைக் காட்டி, யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னான். ராசாத்தி குளித்து, தலையில் பூ வைத்துக்கொண்டு, தியேட்டருக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் இரண்டு தலையணைக்கு நடுவில் சாருமதி.

ஆட்டுக்குட்டி வந்தது. காதல் வந்தது. படம் நாங்கள் நினைத்ததைவிடப் பத்து மடங்கு மோசம். செல்வத்தின் சாருமதி விழுந்து விழுந்து சிரித்தாள். இடைவேளை போனது. ஆஸ்பத்திரி வந்தது. ராசாத்தி கையை நீட்டி மகள் தோளைப் பிடித்தாள். செல்வம் டிவியைப் பார்க்கவில்லை, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆற்று மணல். வெள்ளைத் திரை. அந்த ஒரு நொடி வெள்ளை எனக்கு அந்த முழுப் படத்தைவிட நீளமாக இருந்தது.

வளையல் சத்தம் கேட்டது. ராசாத்தியின் கை தளர்ந்தது. பாட்டு முடிந்து, கூண்டு வண்டி கிளம்பி, தெருமுனையில் அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. மேலிருந்து ரோஜா இதழ்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. கீழே தங்க எழுத்தில், 'தங்கள் வருகைக்கு நன்றி'.

தவமணி அண்ணன் இருமினார். நான் மின்விசிறியை ஆராய்ந்தேன். அந்தக் காலப் பழக்கம்.

"அந்தக் காலத்துலயே எம்புட்டு மரியாதையா எடுத்திருக்கான்!" என்று ராசாத்தி கண்ணைத் துடைத்தாள். "பொழச்சுட்டா. நீங்க சொன்னப்ப நான் பாதிதான் நம்புனேன்." எழுந்து அடுப்படிக்குப் போகிறவள், போகிற போக்கில் மகள் தலையை ஒருமுறை தடவிவிட்டுப் போனாள். செல்வம் வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

நான் கிளம்பும்போது சாருமதி மெதுவாக வாசல்வரை வந்தாள்.

"மாமா, அந்தப் பென்டிரைவ எனக்குக் குடுத்துட்டுப் போங்க."

"அதான் நெட்டுலயே இருக்கேம்மா."

"நெட்டுல இருக்கறத நான் போன மாசமே பாத்துட்டேன் மாமா. அப்பாவுக்கு அனுப்பி விட்டதே நான்தான், வேற நம்பர்லேர்ந்து." அவள் சிரித்தாள், இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு. "அது வேற படம் மாமா. எங்கப்பா சொன்ன படத்த நான் பாக்க வேணாமா? அம்மா பாக்க வேணாமா? நேரா கேட்டா, படம் மறந்துருச்சுன்னு மழுப்புவீக. அம்மா பாக்கப்போறான்னா மூணு பேரும் எப்படியாவது அத மறுபடி எடுத்துருவீகன்னு தெரியும். பூ மட்டும் எதிர்பாக்கல."

நான் அவள் தலையில் கைவைத்தேன். பென்டிரைவை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. உரக் கம்பெனிக்காரர் மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக வைத்திருக்கிறார். மொபெட்காரரின் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. ஆட்டு மந்தைக்காகக் காத்திருந்த இடைவேளை போய்விட்டது. இப்போது படம் சாட்டிலைட் வழியாக வானத்திலிருந்து இறங்குகிறதாம். உலகம் முழுக்க ஒரே நொடியில், ஒரே வரிசையில், ஒரு பிசகும் இல்லாமல் ஓடுகிறது. நல்லதுதான். ஆனால் செத்தவள் வண்டியேறி வர அதில் வழியே இல்லை.

சாருமதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

பஞ்சர் ஒட்டி முடிந்ததும் குரூப்பைத் திறந்தேன். இந்த வருடம் வந்த படங்களில் நிற்கப் போவது எது? எங்கள் படமும் இந்த வருடம் வந்ததுதானே. உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு வீட்டில் வெளியாகி, ஒரே காட்சி ஓடி, பார்த்தவர்கள் அத்தனை பேரும் கடைசிவரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த படம். அதன் பெயரைத் தட்டிவிட்டு வண்டியை எடுக்கப் போனேன். அதற்குள் பவுன்ராஜ் வந்துவிட்டான். ரிட்டயர் ஆகி மகன் வீட்டில், திருப்பூரில் இருக்கிறான்.

'அது அந்தக் காலத்துப் படமாச்சே? அதுல அந்தப் பொண்ணு செத்துருமே?'

நான் பதில் யோசிப்பதற்குள் தவமணி அண்ணன் ஒரு விரலால் தட்டித் தட்டி அனுப்பிவிட்டார்.

'முழுசா பாருடா.'